ஏழு வீட்டுத் துணியும் ஓர் ஊசியும்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தையல் மிஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். மாதம் ஒரு முறை செய்கிற வேலைதான். ஊசித் தகட்டைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் அடியில் குடைந்தால் ஒரு பிடி பஞ்சும் தூசியும் வரும். அன்றைக்கு என்ன தோன்றியதோ, இத்தனை வருடம் தொடாத இன்னொரு தகட்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன். அதற்குப் பின்னாலிருந்து, எண்ணெயில் ஊறிக் கெட்டியான ஒரு பஞ்சு உருண்டை மடியில் விழுந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து செம்பட்டை மயிர்.

இப்போது என் வீட்டில் இருக்கும் மூன்று பூனைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், மூன்றாவது வெள்ளையில் மை கொட்டினது. செம்பட்டை இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது, என் மருதாணித் தலையைத் தவிர. என் தலைமயிர் அத்தனை குட்டையும் இல்லை, அத்தனை மிருதுவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது கேசரியின் மயிர்தான். கேசரி செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

கேசரி என்பது ஒரு கடுவன் பூனை. காலையில் ஓட்டலுக்குப் போனால் உப்புமாவோடு பக்கத்தில் ஒரு கரண்டி மஞ்சளும் சிவப்புமாக வைப்பார்களே, அதே நிறம். வேறு பெயர் வைக்க மூளை ஓடவில்லை. மைசூர் பன்னிமண்டபத்தில் நான் குடியிருந்த ஒன்றரை அறை வீட்டுக்கு ஒருநாள் காலை தானாக வந்து, வெட்டிவைத்த துணிக்கூடைக்குள் படுத்தான். விரட்டினேன், போனான், மறுபடி வந்தான். மூன்றாம் நாள் நான்தான் விட்டுக்கொடுத்தேன். தைப்பவள் வீட்டில் பூனை இருந்தால் ஒரு சௌகரியம் உண்டு, அடுத்து எந்தத் துணியை எடுக்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம். எதன்மேல் பூனை உட்கார்ந்திருக்கிறதோ அதுதான்.

நான் கவுதி தைப்பவள். பழந்துணிகளை அடுக்கி, மேலே துண்டுகளை ஒட்டுப் போட்டு, வரி வரியாகத் தைக்கும் போர்வைக்கு எங்கள் பக்கம் கவுதி என்று பெயர். இன்றைக்கும் கையில் ஐந்து வேலை இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்த ஒருவனின் யூனிபார்ம்களை வெட்டி ஒன்று, கல்யாணப் பட்டுகள் பீரோவில் இற்றுப்போகின்றன என்று ஒரு டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போனது ஒன்று. வாங்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், என் கவுதியில் கோணல் இருக்காது, ஆனால் பூனை மயிர் இருக்கும் என்று. பெருமை அடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் இதைக்கூட அடித்துக்கொள்ளாவிட்டால் எப்படி?

மிஷின் எண்ணெயின் வாசம் மூக்கில் ஏறினாலே எனக்கு அடுத்து ப்ளீச்சிங் பவுடர் வாசம் தானாக வந்துவிடும். இருபத்தேழு வயதில் நான் ஒரு ஆஸ்பத்திரியின் லினன் ரூமில் வேலை பார்த்தேன். வார்டுகளிலிருந்து வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளில் கிழிந்ததை ஒட்டுப் போடுவதும், இனி தாங்காது என்பதைத் தலையணை உறையாக மாற்றுவதும், அதற்கும் ஆகாததைக் கட்டுத் துணியாகக் கிழிப்பதும் எங்கள் வேலை. நாலு மிஷின், நாலைந்து பெண்கள், ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் பக்கத்து மிஷினுக்காக நாங்கள் போட்ட சண்டையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அங்கே ஒரு சட்டம் உண்டு. சாயங்காலம் ஆனதும் ஒவ்வொருத்தியும் தன் பன்னிரண்டு ஊசிகளைச் சிவப்பு ஃபிளானல் துண்டில் வரிசையாகக் குத்திக் காட்ட வேண்டும். ஒரு ஊசி குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. விரிப்பில் தங்கிவிட்ட ஊசி நோயாளியின் முதுகில் ஏறினால் யார் பதில் சொல்வது? தரையில் தேட ஒரு காந்தம் இருந்தது, உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. அந்தப் பழக்கம் என் வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டிலும் பன்னிரண்டு ஊசி, ஒரு ஃபிளானல், ஒரு காந்தம். எண்ணிக்கை தப்பியதே கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

எனக்கு அடுத்த மிஷினில் ரோஸ்லின். என் வயதுதான். வாய்க்கு வாய் 'கணே' போடுவாள். தமிழில் 'டீ' போடுகிற இடத்தில் மைசூர்க்காரிகள் போடும் கன்னட ஒட்டு அது. ஜன்னல் சண்டையில் எனக்கு ஜென்ம விரோதியும் அவள்தான், மதியச் சாப்பாட்டில் என் டப்பாவைத் திறந்து முட்டையை எடுத்துக்கொள்ளும் உரிமை உள்ளவளும் அவள்தான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இரண்டாவது போன அன்று பிற்பகல் முழுக்க வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கத்தரிப்பூ நிறப் புடவையின் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாலை நான் எழுந்தபோது முந்தானை கசங்கிக் கிழிந்திருந்தது. அந்தப் புடவையை அப்புறம் நான் கட்டவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

மூன்றாவது உண்டானதும் வேலையை விட்டுவிட்டு நஞ்சன்கூட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் அந்தோணிக்கு அங்கே ஒரு பாக்டரியில் வேலை. அவளுக்குத் தாய் இல்லை. பிரசவம் பார்க்கக் கொள்ளேகாலிலிருந்து மாமியார் சவேரியம்மா வந்து உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்ததுதான் அந்தச் சட்டம். பிள்ளை தங்காத வீட்டில் பிறக்கும் குழந்தையைப் புதுத் துணியில் கிடத்தக் கூடாதாம். பிள்ளைகுட்டி நன்றாக இருக்கிற ஏழு வீடுகளில் உடுத்திப் பழசான துணியைக் கேட்டு வாங்கி, தைத்து, அதில்தான் கிடத்த வேண்டுமாம். பங்குச் சாமியார் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்?

பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு ஏறும் என்பார்கள். நான் துணிக்காக ஏழு வீடு ஏறினேன். வார்டு ஆயா கங்கம்மாவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள், மூன்றும் கடப்பாறை. அவள் நீலக் கரைச் சேலை கொடுத்தாள். சமையல்கட்டு பாத்திமா மகளின் பச்சைத் தாவணியைக் கொடுத்தாள். தலைமை நர்ஸம்மா எல்லாரையும் அதட்டுகிறவர், அவரே பீரோவைத் திறந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்து, நானே நாளைக்குக் கொண்டுவந்து தரலாம் என்றிருந்தேன் என்றார். டிரைவர் வீட்டு லட்சுமி, சலவைக்கார சிக்கம்மா, லினன் ரூம் ஜெயமணி, மார்த்தா. ஏழு ஆயிற்று. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ஏழு வீடு என்றதும் புரிந்துகொண்டார்கள்.

என்னிடம் மட்டும் யாரும் துணி கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. சட்டப்படி என் துணி ஆகாது. தைக்கிற கை ஆகும், துணி ஆகாது. எனக்கு வலித்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ரோஸ்லினின் பிள்ளை கிடக்கப்போகிற கவுதியில் என்னுடையது ஒரு இழைகூட இருக்காதா என்ற பிடிவாதம் பிடித்துக்கொண்டது. மேல்துண்டுகளுக்கும் அடித்துணிக்கும் நடுவே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், அந்தக் கத்தரிப்பூப் புடவையிலிருந்து ஒரு சாண் துண்டைக் கிழித்து வைத்துத் தைத்துவிட்டேன்.

பெண் குழந்தை. பன்னிரண்டாம் நாள் அந்தோணி ஏதோ வேலையாக மைசூருக்கு வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் என் வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், அம்மா கவுதியைக் கையோடு வாங்கிவரச் சொன்னார்கள் என்றார். கடைசி வரி பாக்கி. அவர் காபி குடிப்பதற்குள் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, மடித்துக் கொடுத்து அனுப்பினேன். என் ஜென்மத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் ஊசியை எண்ணவில்லை.

மறுநாள் காலையில் எண்ணினேன். பதினொன்று.

இன்னொரு தடவை எண்ணினேன். பாயை உதறினேன், காந்தத்தை வைத்துத் தரையை முழத்துக்கு முழம் தடவினேன், துணிக்கூடையைக் கொட்டினேன். இல்லை. அப்போதுதான் கேசரியைப் பார்த்தேன். வைத்த பால் அப்படியே இருந்தது. நூல் என்றால் அவனுக்குப் பைத்தியம், கண் அசந்தால் நூல்கண்டை இழுத்துக்கொண்டு ஓடுவான். நூல் கோத்த ஊசியைப் பாயில் வைத்துவிட்டுத்தானே கவுதியை மடித்தேன்? ஆக இரண்டே இடம். ஒன்று பன்னிரண்டு நாள் குழந்தை படுத்திருக்கும் கவுதி. இன்னொன்று பூனையின் வாய். எது என்று தெரியாவிட்டால் நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? கூப்பிட்டுச் சொல்ல அவர்கள் தெருவில் போன் கிடையாது. கேசரியை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் யாருக்கும் விரிவாகச் சொன்னதில்லை. ஊசியைவிட எனக்குப் பெரிய பயம் அந்தக் கத்தரிப்பூத் துண்டு. சவேரியம்மாவின் சட்டத்தை நான் நம்புகிறவள் இல்லை. நம்பியிருந்தால் துண்டை வைத்தே இருக்கமாட்டேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. ஆகாத துணியை வைத்தேன், அதுதான் கூடவே ஊசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று மனசு அடித்துச் சொன்னது. இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால் அது என் துணியால்தான். மாதாவிடம் என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். பாதிக்குமேல் இன்னும் பாக்கி.

நல்ல வேளை, நான் போனபோது குழந்தை சவேரியம்மாவின் மடியில் எண்ணெய்க் குளியலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. கவுதி கட்டிலில் விரித்திருந்தது. ஒரு ஓரத் தையல் சரியாக வரவில்லை, அதைச் சரிபண்ண வந்தேன் என்று ரோஸ்லினிடம் சொன்னேன். சுமாரான பொய் இல்லை, நல்ல பொய்தான். ஆனால் பையிலிருந்து காந்தத்தை எடுக்க வேண்டியிருந்ததே. லினன் ரூமில் இருந்தவளுக்கு அதைப் பார்த்தபின் வேறென்ன சொல்ல வேண்டும்?

"ஊசியா?" என்றாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டு ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

மேலே தடவியதில் காந்தம் எதையும் இழுக்கவில்லை. ஆனால் நாலு அடுக்குத் துணியில் காந்தத்தின் பேச்சை நம்பிப் பச்சைப் பிள்ளையைக் கிடத்த முடியுமா? இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து தையலைப் பிரித்துக்கொண்டே வந்தோம். மூன்று வாரம் தைத்ததைப் பிரிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நடுவுக்கு வந்தபோது அவள் கைதான் முதலில் அந்தத் துண்டை எடுத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது உன் கத்தரிப்பூ சேலதானே?"

"ஆமா. தப்புதான். எடுத்துடறேன்."

"எடுக்கத்தான் வேணும் கணே. உள்ளே அதுக்கு என்ன வேலை? மேலே வெச்சுத் தை."

நான் அழுதேன். அவள் அழவில்லை, முதல் தடவை பார்க்கிறாற்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி கவுதியில் இல்லை. ஒவ்வொரு துண்டையும் உதறி, நீவி, காந்தத்தில் தடவிப் பார்த்துவிட்டோம். இல்லவே இல்லை. பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து, பிள்ளையைக் கிடத்துகிற அளவுக்கு மட்டும், பெரிய பெரிய தையலாக மறுபடி ஓட்டினோம். அவள் தைத்த பக்கம் கொஞ்சம் கோணல், பிள்ளை பெற்ற உடம்பு என்று விட்டுவிட்டேன்.

குளித்து ஒரு தூக்கமும் போட்டு எழுந்த குழந்தையோடு சவேரியம்மா உள்ளே வந்தார். வந்ததும் கண் நடுவிலிருந்த கத்தரிப்பூவில் போய் நின்றது. ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினார். இது யார் வீட்டுத் துணி என்று கேட்டார். எட்டாவது வீடு, இவளுடையது என்றாள் ரோஸ்லின், தலையைக்கூட நிமிர்த்தாமல். கிழவி சண்டைக்கு வரப்போகிறார் என்று நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"ஏழுக்குக் கொறையக் கூடாதுன்னுதான் சொன்னேன் கண்ணு. மேல போனா ஆரு வேண்டாங்கறா?" என்றார். சொல்லிவிட்டுக் குழந்தையை அதன்மேல் கிடத்தினார். அது ஒரு கொட்டாவி விட்டது.

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். நிற்கவில்லை. கவுதியில் இல்லையென்றால் எங்கே என்று தெரிந்துவிட்டதே. வீட்டுக் கதவைத் திறந்தபோது கேசரி மூலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயோரம் எச்சில் ஒழுகியது, அதில் ஒரு விரற்கடை வெள்ளை நூல். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க விரும்பவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, என் துணி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அதற்கப்புறம்தான் எதிரே இருந்த வாயில்லா ஜீவன் காலையிலிருந்து பட்ட பாடு கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும்தான்.

காய்கறிக் கூடையில் போட்டு மேலே துண்டைக் கட்டி, ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நூலைப் பிடித்து இழுத்தாயா என்று டாக்டர் கன்னடத்தில் அதட்டினார். இல்லை என்றேன். இழுத்திருந்தால் தொண்டை கிழிந்திருக்கும் என்றார். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து, நாக்கின் அடியில் சுற்றியிருந்த நூலை வெட்டி, இடுக்கியால் ஊசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து கழுவி, ஃபிளானலில் பன்னிரண்டாவதாகக் குத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில் ரோஸ்லினின் காதில் விஷயத்தைச் சொன்னேன். கோவில் என்றும் பாராமல் சிரித்துவிட்டாள். பிள்ளைக்கு ஜெனி என்று பேர் வைத்தார்கள். அடுத்த மாதம் கேசரிக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்பினாள். அவன் அதைத் தின்றுவிட்டு, புத்தி வராமல், மறுநாளே நூல்கண்டை இழுத்துக்கொண்டு ஓடினான். அதற்கப்புறம் பத்து வருடத்துக்குமேல் இருந்தான்.

அந்த லினன் ரூம் இப்போது இல்லை. விரிப்புகள் எங்கேயோ வெளியில் போய் வெளுத்து, பிளாஸ்டிக் உறையில் வருகின்றனவாம். கிழிந்தால் ஒட்டுப் போடுவதில்லை, தூக்கிப் போடுகிறார்கள். கங்கம்மா போய்விட்டாள், நர்ஸம்மா போய்விட்டார், சிக்கம்மா, மார்த்தா இருவரும் போன கொரோனாவில். பாத்திமா, லட்சுமி, ஜெயமணி எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. ரோஸ்லின் போய் நாலு வருடம் ஆகிறது. முட்டையை யாரும் எடுக்காத சாப்பாட்டை நான் இன்னும் சரியாகச் சாப்பிடப் பழகவில்லை.

இரண்டு மாதம் முன்னால் ஜெனி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். ஐந்து மாதமாம். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் சுலபம். "ஆன்ட்டி, அம்மா சொல்வாங்கல்லா, ஏழு மனே துணியில கவுதி, அது என் பாப்பாக்கும் வேணும்" என்றாள். வீட்டை மனே என்றுதான் சொன்னாள். அதற்கென்ன, செய்துவிடலாம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் தெருவில் இறங்கினேன். பழந்துணியெல்லாம் மூட்டை கட்டி வண்டியில் போட்டுவிடுகிறோம் என்றார்கள் ஒரு வீட்டில். உடுத்தின துணியைக் குழந்தைக்கா, இன்ஃபெக்‌ஷன் ஆகாதா என்றார்கள் இன்னொரு வீட்டில். மேல் மாடிப் பெண் நல்லவள், உள்ளே ஓடிப்போய் விலைச்சீட்டுகூடப் பிரிக்காத புதுப்புடவை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். ஏழு வீடு என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. விளக்கிச் சொல்லிக் கேட்கிற துணி அது இல்லை.

வீட்டுக்கு வந்து என் பீரோவைத் திறந்தேன். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன ஏழு புடவைகளை எடுத்தேன். பிள்ளை பெறாத ஒருத்தியின் ஏழு புடவைகள். இந்தத் தடவை துளி பயம் இல்லை, எல்லாவற்றையும் மேலேயே வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஜெனி மறுபடி கூப்பிட்டாள். கிடைத்துவிட்டதா, யார் யார் வீடு என்று கேட்டாள். கங்கம்மா வீடு, பாத்திமா வீடு, நர்ஸம்மா வீடு, லட்சுமி, சிக்கம்மா, ஜெயமணி, மார்த்தா என்று நிறுத்தாமல் சொன்னேன். எல்லாருக்கும் நான் தேங்க்ஸ் சொன்னதாகச் சொல்லுங்க ஆன்ட்டி என்றாள்.

சொல்கிறேன் என்றேன்.